காற்றுவழியில் குங்குமம்

எங்கள் குடும்பத்தில் உயரத்தால் பெயர் பெற்றவர் ஒருவருமில்லை. குள்ளத்தால் பெயர் பெற்றவள் ஒருத்தி உண்டு. அவள் என் சித்தப்பா முனிராஜின் ஒரே மகள் காந்தா. அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் காபியைக் குடித்து முடித்து, "பொண்ணு இன்னும் கொஞ்சம் வளருமா?" என்று கேட்டுவிட்டுப் போயின. அப்போது அவளுக்கு வயது இருபத்து நான்கு. மூன்றாவதாக வந்தவர் அத்திபெலேயில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்துவந்த சரவணன். "பரண் மேல இருக்கறத எடுக்க நான் இருக்கேன். கட்டிலுக்கு அடியில போனத எடுக்க அவங்க இருக்கட்டும்" என்று அவர் சொன்னதாகவும், அந்த இடத்திலேயே சம்மதம் முடிந்ததாகவும் மரகதம் சித்தி இன்றும் சொல்வார். சித்தி காந்தாவின் தாய்.

இதில் உள்ளவை காந்தா, மரகதம் சித்தி, காந்தாவோடு பணிபுரியும் நாகேஷ் ஆகிய மூவரிடமும் தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொண்டவை. மூவரும் ஒன்றுபோலச் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒருவர் மட்டும் சொன்ன இடங்களில் அவர் பெயரைக் குறித்திருக்கிறேன். அந்த நிறுவனத்தின் பெயரும் விமானத்தின் பெயரும் நம் குடும்பத்துக்குத் தேவையில்லை என்று காந்தா கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டேன்.

சரவணன் விளையாட்டாகச் சொன்னதுதான் காந்தாவின் பிழைப்பாயிற்று. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் படிப்பை முடித்துவிட்டு, போர் விமானங்களைப் பறப்பதற்கு ஆயத்தம் செய்யும் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளர் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "உனக்கு இருட்டு பயமா?" என்று கேட்டாராம். இல்லை என்றாள். அன்றிலிருந்து விமானத்தின் தொண்டைக்குள் போய்வருவது அவள் வேலை.

அதைச் சற்று விளக்க வேண்டும். அந்த விமானத்துக்கு எஞ்சின் ஒன்றே ஒன்று. அது உடலின் பின்பகுதியில் இருக்கிறது. அதற்கு வேண்டிய காற்று, இறக்கையின் அடியில் இருபுறமும் திறந்திருக்கும் இரண்டு வாய்களின் வழியே போகிறது. இரண்டு குழாய்களும் உள்ளே வளைந்து சென்று ஒன்றாகி எஞ்சினின் முகத்தை அடைகின்றன. அந்த வளைவு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. எஞ்சினின் முன்னால் சுழலும் தகடுகள் நேர்க்கோட்டில் தெரிந்தால், எதிரியின் ராடார் அலை அவற்றில் பட்டுத் திரும்பி விமானத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அவற்றை வளைவுக்குப் பின்னால் மறைத்துவைத்திருக்கிறார்கள். ராடாருக்குத் தெரியாதது வெளியில் நிற்கிற மனிதரின் டார்ச்சுக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு முக்கியமான பறப்புக்கு முன்பும் ஒருவர் ஊர்ந்து உள்ளே போய், வழியில் எதுவும் கிடக்கவில்லை, தகடு எதிலும் கீறல் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து வந்து கையெழுத்திட வேண்டும். ஓடுகிற எஞ்சினுக்குள் ஒரு சிறு திருகாணி போனாலும் ஒரு தகடு உடையும். உடைந்தது அடுத்ததை உடைக்கும். எஞ்சின் ஒன்றே உள்ள விமானத்தில் அதற்குப் பிறகு விமானிக்கு மிஞ்சுவது அவர் அமர்ந்திருக்கும் இருக்கையும் பாராசூட்டும்தான்.

உள்ளே போகும்போது அணியும் உடுப்பில் பையும் கிடையாது, பொத்தானும் கிடையாது. வளையல், மெட்டி, மூக்குத்தி, தாலிச் சங்கிலி எல்லாம் ஒரு தட்டில் கழற்றிவைக்கப்படும். நாகேஷ் அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாசிப்பான், அவள் ஆம் என்பாள். வெளியே வந்ததும் மறுபடி அதே வாசிப்பு. "போனது?" என்று அவன் கேட்பான். "வந்துச்சு" என்று அவள் சொல்ல வேண்டும். விளக்கு, துணி, அவள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரே கேள்விதான்.

ஈஜிபுராவில் காந்தாவும் சித்தியும் குடும்பத்தோடு குடியிருக்கும் வீட்டின் மேலே நாள்தோறும் விமானங்கள் போகின்றன. அந்தத் தெருவில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. டி.வி.யின் ஒலியை இரண்டு புள்ளி கூட்டிவைத்துவிட்டு, சத்தம் போனதும் குறைத்துக்கொள்வார்கள். காந்தா மட்டும் நிமிர்ந்து பார்ப்பாள். பதினோரு ஆண்டுகள் அதன் வயிற்றுக்குள் போய்வந்த பிறகும் அவளுக்கு அந்த வியப்பு தீரவில்லை. ஒரு கிருகப்பிரவேசத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது அவள் பேசியதை நான் அருகிலிருந்து கேட்டேன்.

"அத அதும்பாட்டுக்கு விட்டா நேரா பறக்கவே பறக்காதுண்ணா. கவுந்துடும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. அடம் புடிக்கிற உடம்பு இருந்தாத்தான் சட்டுனு திரும்ப முடியும். உள்ள கம்ப்யூட்டர் நொடிக்கு எத்தனையோ தடவ அதப் புடிச்சு நிறுத்திக்கிட்டே இருக்கு. திரும்பும்போது விமானியோட உடம்பு ஒம்போது மடங்கு கனமாயிடும். கைய தூக்கறதே பெரும்பாடு. அந்த நிலமைல அவர் ராடாரப் பாக்கணும், பேசணும், முடிவு எடுக்கணும்."

"என்ன வேலைக்குடி அது?" என்று கேட்டார் சித்தி.

"எல்லா வேலைக்கும்மா. முன்னெல்லாம் வானத்துல சண்டை போட ஒண்ணு, தரையில குண்டு போட ஒண்ணு, படம் புடிச்சுட்டு வர ஒண்ணுன்னு தனித்தனியா வச்சிருந்தாங்க. இது ஒண்ணே போதும். இறக்கைக்கு அடியில இன்னிக்கு ஏவுகணைய மாட்டுவோம், நாளைக்குக் குண்டு, மறுநாளு கேமரா. பெட்ரோல் தீந்துச்சுன்னா பறந்துக்கிட்டே இன்னொரு விமானத்துகிட்ட வாங்கிக்கும்."

"எல்லாத்தையும் ஒரே ஆளு தலையில கட்டிட்டு சம்பளம் மட்டும் ஒண்ணுதானா?" என்றார் சித்தி. பந்தியே சிரித்தது.

ஆனால் அன்று மாலை சித்தி தனியாக என்னிடம் கேட்டது வேறு. "அந்தப் பைப்புக்குள்ள இவ போவும்போது யாராச்சும் தெரியாம சுவிச்சப் போட்டுட்டா?" அப்படி நடக்க வழியே இல்லை என்று காந்தா சொன்னதை அவரிடம் திரும்பச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

அந்த ஆண்டு ஆயுத பூசை வந்தது. அந்தக் கூடத்தில் அன்று ஒரு நாள் மட்டும் குடும்பத்தார் உள்ளே வரலாம். கைப்பேசியை வாயிலில் கொடுத்துவிட்டு, புதுச் சட்டையும் பட்டுப் புடவையுமாக எல்லோரும் வருவார்கள். பூசணிக்காய் வெளி வாயிலைத் தாண்டித் தெருவில்தான் உடைபடும். விமானத்தின் மூக்கில் சாமந்தி மாலை, முன் சக்கரத்தில் சந்தனமும் குங்குமமும். அதற்கு மேல் எதுவும் கூடாது. விமானம் நிற்கும்போது காற்றுவாய்களை மூடியிருக்கும் சிவப்பு உறைகளை அன்று நாகேஷ் கழற்றிவைத்திருந்தான். வருகிறவர்கள் எட்டிப் பார்க்க ஒரு படிமேடையும் போட்டிருந்தான்.

மரகதம் சித்தியை அவனே அழைத்துப் போனான்.

"வாங்க ஆன்ட்டி. உங்க பொண்ணோட ஆபீஸ் ரூம் காட்றேன். ஜன்னல் கெடையாது, ஃபேன் கெடையாது, ஆனா ஃபுல் பிரைவசி."

சித்தி படியேறி அந்த வாய்க்குள் பார்த்தார். வழவழப்பான வெள்ளைச் சுவர் சற்றுத் தூரம் போய் இருட்டில் வளைந்தது.

"இதுக்குள்ளயா?"

"ஆமா ஆன்ட்டி. தலைய முன்ன விட்டு, பாம்பு மாதிரி."

"தாலி?"

"அது வெளிய தட்டுல இருக்கும். நான்தான் காவல்."

"கழட்டிட்டா போறா?" என்றார் சித்தி. பிறகு மறுபடி அந்த இருட்டையே எட்டிப் பார்த்தார் என்று நாகேஷ் சொல்கிறான். விமானத்தின் அருகில் எதையும் உண்ணக்கூடாது என்பதால் பொரிப் பொட்டலங்களை வாயிலுக்கு வெளியே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை நீண்டதால் காந்தாவும் நாகேஷும் உதவிக்குப் போனார்கள். சித்தி இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். அவர் வாயிலுக்கு வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. பொரியை வாங்கிக்கொண்டு, "பெரிய உருவம்தான். கும்பிடத் தோணுது" என்றார்.

விடுமுறை முடிந்த அன்று காலை அந்த விமானம் பறக்க வேண்டியிருந்தது. அது சாதாரணப் பறப்பு அல்ல. ஒரே பயணத்தில் முதலில் வானத்து இலக்கை வீழ்த்திவிட்டு, தரையிறங்காமல், உடனே தரை இலக்கையும் தாக்கிக் காட்ட வேண்டும். விமானி கைப்பிடியில் ஒரு பொத்தானை மாற்றினால் அதே ராடார் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்கத் தொடங்கும். அது மெய்ப்பிக்கப்பட வேண்டிய நாள் அது. இன்னொரு மாநிலத்தில் இருந்த சோதனைக் களம் நண்பகல் வரை அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அன்று தவறினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். விமானி தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தார். காந்தா தட்டில் நகைகளை வைத்துவிட்டு உள்ளே ஊர்ந்தாள்.

குழாய்க்குள் தன் மூச்சு தனக்கே இன்னொருவர் மூச்சாகக் கேட்கும் என்று அவள் சொல்வாள். வளைவில் திரும்பியபோது விளக்கொளியில் அதைப் பார்த்தாள். வெள்ளைச் சுவரில் தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. எதுவோ உருண்டு போனதைப்போல அது அழகாக வளைந்து கீழே இறங்கியிருந்தது. பூசைக்கு வாங்கிய குங்குமம் பளிச்சென்ற சிவப்பு. இது கருஞ்சிவப்பு. எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் சேர்த்து வீட்டிலேயே குங்குமம் செய்கிறவர் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான்.

"துணி கையிலதான் இருந்துச்சுண்ணா" என்று காந்தா என்னிடம் சொன்னாள். "ஒரு தடவ தொடைச்சா போயிடும். அம்மா பேரு வராது. விருந்தாளியக் கூட்டிட்டு வந்தது நானு, என் கையெழுத்துல பாஸ். உள்ள போற லைசென்ஸப் புடுங்கிட்டா நான் யாரு? வெறும் குள்ளச்சி. எல்லாம் தோணுச்சு. அப்புறம் வெளிய விமானி நிக்கறது ஞாபகம் வந்துச்சு."

அவள் துடைக்கவில்லை. கோடு போன வழியிலேயே கீழே ஊர்ந்தாள். எஞ்சினின் முகத்தில் முதல் வரிசைத் தகடுகள் அசையாதவை. காற்றை நேர்ப்படுத்தி, பின்னால் சுழலும் தகடுகளுக்கு அனுப்புவது அவற்றின் வேலை. அவற்றின் அடியில், ஒரு பத்து ரூபாய் நாணயம் சாய்ந்து கிடந்தது. அதன் நடுவில் குங்குமம்.

அவள் காலை முன்விட்டு வெளியே வந்ததும் நாகேஷ் தட்டைத் தூக்கினான். "போனது?"

அவள் கையை விரித்து நாணயத்தைக் காட்டினாள்.

"ஐயோ, என்ன காந்தக்கா, உள்ள புதையல் இருக்கா? பங்கு உண்டா எனக்கு?" என்று ஆரம்பித்தவன், குங்குமத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

கூடத்தின் தலைவர் வெங்கடகிருஷ்ணன் வந்தார். நாணயத்தை வாங்கி இருபுறமும் பார்த்தார்.

"யாரோட காசு?"

"எங்க அம்மா போட்டது சார். பூசை அன்னிக்கு. அவங்க குங்குமம் எனக்குத் தெரியும்."

"சார், உறையக் கழட்டினது நானு" என்றான் நாகேஷ். அவனை யாரும் கேட்கவில்லை.

வெங்கடகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். எஞ்சின் இன்னும் ஓட்டப்படவில்லை. நாணயம் கிடைத்துவிட்டது. தகடுகளில் கீறல் இல்லை. குழாயைத் துடைத்து மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டால் நண்பகலுக்குள் பறந்துவிடலாம். "சரி, மத்தத அப்புறம் பேசலாம். உள்ள வேற ஒண்ணும் இல்லையே? கையெழுத்துப் போடும்மா."

காந்தா பேனாவை வாங்கவில்லை.

"போட மாட்டேன் சார். இன்னொண்ணு இருக்கு."

"பாத்தியா?"

"பாக்கல. ஆனா எங்க வீட்ல யாரும் பத்து ரூபா வைக்க மாட்டாங்க சார். பதினொண்ணுதான் வைப்பாங்க."

சுழியத்தில் முடிகிற தொகையைக் கொடுத்தால் அதோடு உறவு முடிந்துவிடும் என்று, கூட ஒரு ரூபாயைச் சேர்த்துக் கொடுப்பது நம் வழக்கம். மொய்க்கும் அதுவே, காணிக்கைக்கும் அதுவே. மரகதம் சித்தி புது மிக்சிக்குக்கூடப் பதினொரு ரூபாய் முடிந்துவைத்தவர்.

"காந்தக்கா, சில்லற இருந்திருக்காது. பத்தாச்சும் போடுவோம்னு போட்டிருப்பாங்க" என்றான் நாகேஷ் மெல்ல.

"சில்லற இல்லேன்னா எங்கம்மா பக்கத்து வீட்ல கடன் வாங்கிட்டுத்தான் கோயிலுக்கே போவாங்க நாகேஷு."

அலுவலகத் தொலைபேசியிலிருந்து சித்தியை அழைத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது தெருவில் தண்ணீர் லாரி வரும் நேரம். சோதனைக் களத்திலிருந்து வேறொரு தொலைபேசி, வருகிறீர்களா இல்லையா என்று கேட்டது. விமானி அருகில் வந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஒரு ரூபாய்க் காசு அந்தத் தகடு நடுவுல போகுமா?"

காந்தா இரண்டு விரலால் இடைவெளியைக் காட்டினாள். "பத்து ரூபா பெருசு, அதான் நின்னுடுச்சு. ஒரு ரூபா சின்னது சார். நழுவிடும். நழுவினா சுத்தற தகட்டுக்குக் கீழ போய் உக்காந்துக்கும். அங்க என் கண்ணும் போகாது, கையும் போகாது."

வெங்கடகிருஷ்ணன் அந்தப் பத்து ரூபாயை விரல்களுக்கிடையில் திருப்பிக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "என் கல்யாணத்துக்கு வந்த கவர்ல ஒரு ரூபா ஒட்டாத கவர் ஒண்ணுகூட இல்ல." அவ்வளவுதான். களத்துக்கான தொலைபேசியை எடுத்து, இன்று வரவில்லை என்றார். காரணம் கேட்டிருக்க வேண்டும். "பொருள் ஒன்று உள்ளே இருக்கலாம் என்று ஐயம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தார். ஐயத்தின் அடிப்படையை அவர் விளக்கவில்லை.

விமானி இருக்கையிலிருந்து தன் பொருள்களை எடுத்துக்கொண்டு போனார். வளைந்து போகும் கேமராக் குழாயைத் தகடுகளின் இடைவெளி வழியே செலுத்தினார்கள். திரையில் தகடுகள் மலையிடுக்குகளைப்போலத் தெரிந்தன. நாகேஷ் சுழலும் வரிசையைக் கையால் மெல்ல நகர்த்த, கேமரா ஒவ்வோர் இடுக்காகப் பார்த்துக்கொண்டு போனது. ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து. ஒன்றும் இல்லை. அலுவலகத் தொலைபேசி ஒலித்தது அப்போதுதான். வெங்கடகிருஷ்ணன் ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"யாரு, ரெண்டு மூணு தடவ அடிச்சிருக்கீங்க. எம் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"நான்தாம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. பூசை அன்னிக்கு விமானத்துக்குள்ள காசு போட்டியா?"

"ஆமா, போட்டேன். எவ்ளோ பெரிய வாயி! உண்டி மாதிரி தொறந்து வச்சிருந்தாங்க. வேண்டிக்கிட்டுப் போட்டேன். ஏன், யாராச்சும் எடுத்துட்டாங்களா?"

"எவ்ளோ போட்டே?"

"இன்னாடி கேள்வி இது? பதினொரு ரூபா. பத்து ரூபாக் காசு ஒண்ணு, ஒத்த ரூபா ஒண்ணு. பத்தா போடுவாங்க? நீ இன்னா, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கற!"

வெங்கடகிருஷ்ணன் கண்ணை மூடித் திறந்தார். "இன்னும் ஒருமுறை தேடுங்க" என்றார். அந்த முறை சுழலும் வரிசையை எதிர்ப்பக்கமாக நகர்த்தினார்கள். திரையின் ஓரத்தில், ஒரு தகட்டின் வேரடியில் ஒட்டினாற்போல, ஒரு சிறு வட்டம் தெரிந்தது. அதன் மேல் கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு. எஞ்சின் ஒருமுறை ஓடியிருந்தால் அந்தப் பொட்டு எங்கெங்கே போயிருக்கும் என்று அந்தக் கூடத்தில் நின்ற அனைவருக்கும் தெரியும்.

ஒரு ரூபாய்க் காசு எஃகாலானது. நுனியில் காந்தம் வைத்த நீண்ட கம்பியில் அது சட்டென்று ஒட்டிக்கொண்டு வந்தது. "காந்தா இருக்கும்போது காந்தம் எதுக்குன்னு கேட்டேன். யாரும் சிரிக்கல. காந்தக்கா மட்டும் அழுதுக்கிட்டே சிரிச்சாங்க" என்றான் நாகேஷ்.

விசாரணை நடந்தது. அது முடியும்வரை காந்தா குழாய்க்குள் போகத் தடை விதிக்கப்பட்டது. அவள் தன் தாய் செய்ததை ஒளிக்கவில்லை. நாகேஷ் உறையைக் கழற்றியதை ஒளிக்கவில்லை. இருவருக்கும் எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து குடும்பத்தார் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம், பூசை நாளில் உறைகள் கழற்றப்படா என்று விதி மாறியது. விமானியையும் விசாரணையில் கேட்டார்கள். அவர் சொன்னது இரண்டே வாக்கியம் என்று வெங்கடகிருஷ்ணன் பின்னர் காந்தாவிடம் தெரிவித்தார். "காந்தா கையெழுத்திட மறுத்ததால் நான் இங்கே உட்கார்ந்து பதில் சொல்கிறேன். அடுத்த முறை நான் ஏறுவதற்கு முன் உள்ளே பார்ப்பவர் அவராக இருக்க வேண்டும்."

மரகதம் சித்தி முதலில் நடுங்கிப்போனார். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அவருடைய கவலை வேறு பக்கம் திரும்பியது. விமானங்களின் அருகே கண்டெடுத்த ஆணி, கம்பி, பொத்தான் போன்றவற்றை எச்சரிக்கைக்காக ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அதில் அந்தப் பதினொரு ரூபாயும் குங்குமம் அழியாமல் இடம்பெற்றது. "காணிக்கைய எடுத்துப் பொட்டியில வச்சு வேடிக்க காட்றாங்களே, சாமிக்கு அடுக்குமா?" என்று கேட்டார். வேண்டுதலை முடிக்காமல் விடக்கூடாது என்று ஹலசூரு சோமேசுவரர் கோயில் உண்டியில் வேறு பதினொரு ரூபாய் போட்டுவிட்டு வந்தார். என்ன வேண்டுதல் என்று அதுவரை யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"வெறுங்கழுத்தோட அதுக்குள்ள போறா. போனவ வெளிய வரணும்னு வேண்டிக்கிட்டேன். வேற இன்னா வேண்டுவாங்க?"

ஏழு வாரங்களுக்குப் பிறகு களம் மறுபடி கிடைத்தது. அன்று காலை காந்தா உள்ளே போனாள், வந்தாள், கையெழுத்திட்டாள். விமானி அந்தக் கையெழுத்தைப் பார்த்து அதன் கீழே தன்னுடையதை இட்டார். வழக்கமாக அதன்பின் கூடத்துக்குள் போய்விடுகிற காந்தாவை, வெங்கடகிருஷ்ணன் காதடைப்பான் ஒன்றைக் கொடுத்து வெளியிலேயே நிற்கச் சொன்னார்.

எஞ்சின் உயிர் பெற்ற கணத்தைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவளுக்கு அந்தக் குழாய் எப்போதும் அசைவற்ற, குளிர்ந்த, தன் மூச்சு மட்டும் கேட்கிற இடம். இப்போது அது தானே மூச்சு இழுத்தது. வாயின் முன்னால் காற்றே சுருண்டு நீராவிக் கயிறாகி உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தாளாம். தான் படுத்துக் கிடந்த இடத்தின் வழியே ஒரு புயல் போய்க்கொண்டிருந்தது. ஓடுபாதையின் கோடியில் அது ஒரு கணம் நின்றது. பிறகு பின்னால் நெருப்பு நீண்டது. சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. ஓடிய தூரம் கொஞ்சம்தான். சக்கரம் தரையை விட்டதும் மூக்கை நிமிர்த்தி, பூமியோடு தனக்கு எந்தக் கணக்கும் இல்லாததுபோல நேர் மேலே ஏறியது. இரண்டு பேர் தூக்கமுடியாத சுமைகளை இறக்கைக்கடியில் மாட்டிக்கொண்டு, தானாகப் பறக்க மறுக்கும் உடலைக் கணினிகள் பிடித்து நிறுத்த, ஒரு தனி மனிதரை உச்சியில் உட்காரவைத்துக்கொண்டு, மேகத்தைக் கிழித்து மறைந்தது. அவள் அண்ணாந்தபடி நின்றாள். தலையிலிருந்து துணித்தொப்பி விழுந்ததை நாகேஷ்தான் பாய்ந்து எடுத்தான். திறந்த வெளியில் அது பறந்தால் மறுபடி விசாரணை.

களத்திலிருந்து செய்தி வந்தபோது வெங்கடகிருஷ்ணன் இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார். வானத்து இலக்கும் தரை இலக்கும், ஒரே பயணத்தில். சற்று நேரத்தில் விமானம் தெற்கிலிருந்து தாழ்ந்து வந்தது. அதன் பாதை ஈஜிபுராவின் மேலே.

வாயிலில் கைப்பேசியைத் திரும்ப வாங்கியதும் காந்தா வீட்டுக்கு அழைத்தாள். அன்று மரகதம் சித்தி டி.வி.யின் ஒலியைக் கூட்டவில்லை. காலையிலிருந்தே மொட்டைமாடியில் வடாம் காயவைக்கும் சாக்கில் நின்றிருந்தார் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்டி. காது அடைச்சுப் போச்சு. வடாமெல்லாம் பறந்துடுச்சு. இதுக்குள்ளயா நான் காசு போட்டேன்!" சற்று நிறுத்தினார். "போனது வந்துச்சா?"

"வந்துச்சும்மா. இப்பத்தான் எறங்குச்சு."

"நீ?"

"நானும் வந்துட்டேன்மா" என்றாள் காந்தா. தாலிச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.